மோட்டார் சைக்கிளும் எந்திரச் சூடும்

சித்திரை, வைகாசி மாதங்களில் மோட்டார் சைக்கிளில் நெடுந்தூரம் சென்று பழகியவர்களுக்கு ஓர் அனுபவம் புதிதன்று. வண்டி ஓடிக்கொண்டிருக்கும் வரையில் வெயில் பொறுக்கத் தக்கதாகவே இருக்கிறது. வழியில் இரயில்வே கேட் ஒன்று அடைத்திருக்கிறது, வண்டியை நிறுத்துகிறோம். இரண்டு நிமிடம் ஆவதற்குள் முழங்காலுக்குக் கீழிருந்து அடுப்பின் அனல் எழுகிறது. பெட்ரோல் தொட்டி தொடையைச் சுடுகிறது. இரயில் போய், கேட் திறந்து, வண்டி மீண்டும் ஓடத் தொடங்கியதும் அந்த அனல் போன இடம் தெரியவில்லை. சூரியன் அதே சூரியன்தான். சாலையும் அதே சாலைதான். மாறியது ஒன்றே ஒன்று: காற்று.

இந்தச் சிறு நிகழ்ச்சிக்குள் மோட்டார் சைக்கிளின் நூற்று நாற்பது ஆண்டு வரலாறு அடங்கியிருக்கிறது எனலாம். காரில் செல்பவருக்கும் எந்திரத்துக்கும் இடையே இரும்புச் சுவர் ஒன்று உண்டு. மோட்டார் சைக்கிளில் செல்பவரோ உலைக்களத்தின் மேலேயே ஆசனமிட்டு அமர்ந்திருக்கிறார். எந்திரத்தின் வெப்பத்தை எங்கே அனுப்புவது என்ற கேள்வி, அவரைப் பொறுத்தவரையில், தம் உடலைப் பற்றிய கேள்வியும் ஆகும்.

முதலில் அந்த வெப்பம் எவ்வளவு என்பதைக் காண்போம். சிலிண்டருக்குள் பெட்ரோல் ஆவி பற்றி எரியும் கணத்தில் வாயுவின் வெப்பநிலை 2,000 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டுகிறது. பிஸ்டன் அலுமினியக் கலவையால் ஆனது. அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடும். உருகாமல் இருப்பதற்குக் காரணம், அந்தத் தீ ஒரு கணமே நிற்பதும், படிந்த வெப்பம் உடனுக்குடன் வெளியேற்றப்படுவதுமே ஆகும். பெட்ரோலில் உள்ள ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றுகிறது. எஞ்சியதில் ஒரு பாதி சைலன்சர் வழியே புகையோடு போகிறது. மறுபாதி எந்திரத்தின் உடலைச் சுட்டு, அதன் வழியே வெளியேற வேண்டியிருக்கிறது. ஆறு குதிரைச் சக்தியைச் செலவிட்டு நிதானமாக ஓடும் வண்டி, அதே நேரத்தில் பதினெட்டுக் குதிரைச் சக்திக்கு ஈடான வெப்பத்தை வெளியே கொட்டுகிறது. பன்னிரண்டு மின்சார இஸ்திரிப் பெட்டிகளை ஒருசேரச் சூடேற்றி மடியருகே வைத்துக்கொண்டு பயணம் செய்வதற்கு இதனை ஒப்பிடலாம்.

இந்தத் தொல்லை மோட்டார் சைக்கிள் பிறந்த அன்றே பிறந்தது. ஜெர்மனியில் கோட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மைபாக்கும் 1885-ஆம் ஆண்டில் மரச்சட்டத்தில் பெட்ரோல் எந்திரம் ஒன்றைப் பொருத்தி ஓட்டிக் காட்டினர். 264 சி.சி. கொள்ளளவும் அரைக் குதிரைச் சக்தியும் உடைய எந்திரம் அது. எரிபொருளைப் பற்றவைக்க, எப்போதும் கனன்றுகொண்டிருக்கும் குழாய் ஒன்று ஆசனத்துக்கு நேர் கீழே இருந்தது. டைம்லரின் மகன் பால், நவம்பர் மாதத்தில் கான்ஸ்டாட்டிலிருந்து உன்டர்டுர்க்கைம் வரை அதனை ஓட்டிச் சென்றபோது ஆசனம் தீப்பற்றிக்கொண்டது என்று அந்த வரலாற்றைக் கூறுவோர் குறிப்பிடுகின்றனர். உலகின் முதல் மோட்டார் சைக்கிள் பயணத்திலேயே ஓட்டியவரின் ஆசனம் சுட்டது!

அதன்பின் வந்தவர்கள் இரண்டு வழிகளைக் கண்டனர். ஒன்று நீர், மற்றொன்று காற்று. 1894-இல் மியூனிக் நகரில் விற்பனைக்கென்றே உருவாக்கப்பட்ட ஹில்டெபிராண்ட்-வுல்ஃப்முல்லர் வண்டியில் 1,489 சி.சி. எந்திரம் இருந்தது. அதனைக் குளிர்விக்கும் நீரைச் சுமக்கத் தனித் தொட்டி வைக்காமல், பின்சக்கரத்தின் மட்கார்டையே தொட்டியாக்கினார்கள். கற்பனை நன்றுதான், ஆயினும் நீர் கனமானது. பிரான்சில் டி டியோன்-பூட்டோன் நிறுவனத்தார் அடுத்த சில ஆண்டுகளில் சிறிய, வேகமாகச் சுழலும் எந்திரத்தைச் செய்து, அதன் சிலிண்டரைச் சுற்றி மெல்லிய தகடுகளை அடுக்கடுக்காக வார்த்துவிட்டனர். நீர் இல்லை, குழாய் இல்லை, பம்பு இல்லை. வண்டி ஓடினால் காற்று வரும். காற்று வந்தால் தகடுகள் ஆறும். அந்தச் சிறிய எந்திரத்தைப் பல நாட்டார் பின்பற்றினர்.

நீரின் கட்சி அத்துடன் அடங்கிவிடவில்லை. இங்கிலாந்தில் யார்க்ஷைரைச் சேர்ந்த ஆல்ஃபிரட் ஆங்கஸ் ஸ்காட் 1908 முதல் நீரால் குளிரும் இரட்டைச் சிலிண்டர் வண்டிகளைச் செய்து விற்றார். சூடேறிய நீர் தானே மேலெழுந்து ரேடியேட்டரை அடையும், ஆறிய நீர் கீழிறங்கும், பம்பு தேவையில்லை. அவருடைய வண்டிகள் ஐல் ஆஃப் மேன் தீவின் புகழ்பெற்ற சீனியர் பந்தயத்தில் 1912, 1913 ஆகிய இரு ஆண்டுகளிலும் வென்றன. எனினும் உலகம் காற்றையே தேர்ந்தெடுத்தது. விலை குறைவு, எடை குறைவு, ஒழுகுவதற்கு ஒன்றுமில்லை என்ற மூன்று காரணங்கள் அதற்குப் போதியவையாக இருந்தன.

ஆனால் காற்றை நம்பியவர்கள் அதன் கணக்கை நெடுநாள் அறியவில்லை. தகடு எத்தனை, எவ்வளவு நீளம், எவ்வளவு இடைவெளி என்பதெல்லாம் கண்மதிப்பாகவே இருந்தன. முதல் உலகப் போரின் போது ஃபார்ன்பரோவில் இருந்த விமானத் தொழிற்சாலையில் பேராசிரியர் கிப்சனும் சாமுவேல் ஹெரானும் இதனை முறையாக ஆராய்ந்தனர். வார்ப்பிரும்பைவிட அலுமினியக் கலவை மூன்று மடங்குக்குக் குறையாமல் வெப்பத்தைக் கடத்தும். ஆகவே எந்திரத்தின் தலைப்பகுதியை அலுமினியத்தால் செய்து, எல்லாவற்றிலும் அதிகமாகச் சுடும் புகைவால்வின் அருகே காற்று தாராளமாகப் படும்படி செய்வது நன்மை தரும். விமானத்துக்காகப் பிறந்த இந்த அறிவு பின்னர்ச் சாலை வண்டிகளுக்கும் வந்து சேர்ந்தது. ஹெரான் 1920-களில் அமெரிக்காவில் வால்வின் தண்டைக் குடைந்து, உள்ளே சோடியத்தை அடைத்தார். 98 டிகிரியில் உருகிவிடும் சோடியம், வால்வின் ஆட்டத்தோடு தானும் மேலும் கீழும் அலைந்து, தலையின் சூட்டைத் தண்டுக்குக் கொண்டு சேர்க்கும்.

காற்றில் அடங்கிய மற்றொரு சூட்சுமம், எந்திரம் எந்த இடத்தில் நிற்கிறது என்பது. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சிலிண்டர்களை நிறுத்தினால், முன்னது குளிர்ந்த காற்றைக் குடிக்கும்; பின்னதற்கு முன்னது விட்ட அனல்தான் கிடைக்கும். பந்தியின் கடைசி வரிசையில் அமர்ந்தவனின் நிலை அது. ஜெர்மனியில் அவ்வாறு அமைந்த வண்டிகளில் பின் சிலிண்டர் வெந்தது. அதனைக் கண்ட மாக்ஸ் ஃபிரிட்ஸ் என்ற பொறியியலர், 1923-இல் வெளிவந்த பி.எம்.டபிள்யூ. ஆர் 32 வண்டியில், இரு சிலிண்டர்களையும் இரு கைகளை விரித்தாற்போல் வலமும் இடமுமாக நீட்டிவிட்டார். இரண்டுக்கும் சமமாகக் காற்று கிடைத்தது. இதற்கு மாறாக, 1931-இல் சந்தைக்கு வந்த ஏரியல் ஸ்கொயர் ஃபோர் வண்டியில் நான்கு சிலிண்டர்கள் சதுரமாக நின்றன. எட்வர்ட் டர்னரின் அந்தப் படைப்பு ஓட்டத்தில் இனிமையானது. ஆனால் பின்வரிசை இரண்டும் முன்வரிசையின் மறைவில் இருந்து வெந்தன. 1949-இல் அலுமினியத்துக்கு மாறிய பின்னரும் அந்தக் குறை முற்றும் நீங்கவில்லை.

இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்கப் பாலைவனம் இந்தப் பாடத்தை மீண்டும் கற்பித்தது. ஜெர்மானியரின் விரிந்த சிலிண்டர் வண்டிகள் அங்கே தாங்கி நின்றதைக் கண்ட அமெரிக்கப் படையினர், அதே அமைப்பில் வண்டி செய்யுமாறு ஹார்லி-டேவிட்சன் நிறுவனத்தைக் கேட்டனர். 1942-இல் எக்ஸ்.ஏ. என்ற பெயரில் ஏறத்தாழ 1,000 வண்டிகள் உருவாயின. அந்நிறுவனத்தின் வழக்கமான வண்டியைவிட இதில் எண்ணெயின் சூடு மிகக் குறைவாக இருந்தது. ஆயினும் அதற்குள் ஜீப் அந்த வேலையை ஏற்றுக்கொண்டுவிட்டது. பாலைவனப் போரும் முடிந்துபோயிற்று.

பாலைவனத்தைக் கடக்கப் படை தேவையில்லை என்று முன்னதாகவே காட்டிய இரு பெண்மணிகளை இங்கே நினைவுகூர வேண்டும். தெரேசா வாலக், ஃபுளோரன்ஸ் பிளெங்கிரன் என்ற இருவர் 1934 டிசம்பரில் இலண்டனிலிருந்து புறப்பட்டு, 600 சி.சி. பேந்தர் வண்டியில், பக்கப் பெட்டியும் இழுவண்டியும் பூட்டிக்கொண்டு, சகாராவைக் கடந்து 1935 ஜூலையில் கேப் டவுன் சேர்ந்தனர். வழியில் எந்திரம் பழுதுற்று, அகடெஸ் என்ற ஊரில் அதனைப் பிரித்துக் கோத்த பின்னரே மேலே செல்ல முடிந்தது. காற்றால் குளிரும் எந்திரத்துக்கு மணலைவிடக் கொடிய பகை இல்லை. மணலில் எந்திரம் முழு வலிமையோடு உழைக்கிறது. வண்டியோ நடக்கும் வேகத்தில் நகர்கிறது. சூடு மிகுதி; காற்று சொற்பம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். எல்லைப்புறக் காவலுக்கு ஏற்ற மோட்டார் சைக்கிளைத் தேடிய நம் இராணுவம் 1950-களின் தொடக்கத்தில் 350 சி.சி. புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. 1955-இல் என்ஃபீல்ட் இந்தியா நிறுவனம் தோன்றி, சென்னையை அடுத்த திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. அந்தப் புல்லட்டின் எந்திரம் இரும்புச் சிலிண்டரும் அலுமினியத் தலையும் உடையது. ஏறத்தாழ 18 குதிரைச் சக்தியையே தந்தது. கொள்ளளவுக்கு இது மிகக் குறைவு. ஆனால் குறைவாக எரிப்பவனுக்குக் குறைவாகவே சூடு. தார்ப் பாலைவனத்திலும் தக்காணத்துப் பீடபூமியிலும் அது பல்லாண்டு ஓடியதற்கு அந்த அடக்கமும் ஒரு காரணம்.

1960-களில் மைசூரில் உருவாகத் தொடங்கிய ஜாவா வண்டிகளின் கதை வேறு. அவை டூ-ஸ்ட்ரோக் வகையைச் சேர்ந்தவை. நான்கு வீச்சு எந்திரத்தில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை எரியும் பெட்ரோல், இவற்றில் ஒவ்வொரு சுற்றிலும் எரிகிறது. பிஸ்டனுக்கு உயவெண்ணெய் பெட்ரோலோடு கலந்தே வருகிறது. நீண்ட மலை இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை மூடிவிட்டு எந்திரத்தாலேயே வேகத்தைத் தடுத்தால், பெட்ரோலும் வராது, அதனோடு வரும் எண்ணெயும் வராது. சூடேறி விரிந்த பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். பின்சக்கரம் அந்தக் கணமே நின்றுவிடும். அலுமினியம் இரும்பைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விரிவது என்ற பாடநூல் உண்மை, சாலையில் உயிரோடு விளையாடும் உண்மையாக மாறும் இடம் இது. டூ-ஸ்ட்ரோக் வண்டியில் நெடுந்தூரம் போய்ப் பழகிய பழைய ஆட்கள் இரு விரல்களை எப்போதும் கிளச்சுப் பிடியின்மேல் வைத்திருப்பார்கள். அது அழகுக்காக அன்று. பிஸ்டன் பிடித்ததும் கிளச்சை அழுத்திச் சக்கரத்தை விடுவிப்பதற்காக.

நீரின் கட்சி 1970-களில் மீண்டும் தலைதூக்கியது. சுசுகி நிறுவனம் 1971-இல் நீரால் குளிரும் 750 சி.சி. வண்டியைக் கொண்டுவந்தது. அமெரிக்கர் அதற்கு ‘நீர் எருமை’ என்று செல்லப்பெயர் சூட்டினர். 1975-இல் நெடும்பயணத்துக்கென்றே ஹோண்டாவின் கோல்ட் விங் வந்தது. 1985-இல் சுசுகியின் ஜி.எஸ்.எக்ஸ்.-ஆர் 750, நீரை விட்டு, எண்ணெயையே பீய்ச்சித் தலைப்பகுதியைக் குளிர்வித்தது. நம் நாட்டில் 2008-இல் வெளிவந்த யமஹா ஆர் 15 நீர்க்குளிர்ச்சியை 150 சி.சி. வண்டிக்குக் கொண்டுவந்து இளைஞர்களிடையே பரப்பியது. ராயல் என்ஃபீல்டின் 411 சி.சி. ஹிமாலயன் 2016-இல் காற்றோடு எண்ணெய் ரேடியேட்டரையும் சேர்த்துக்கொண்டது. 2023-இல் அதற்கு அடுத்து வந்த 452 சி.சி. ஹிமாலயனில் அந்நிறுவனம் முதன்முறையாக நீர்க்குளிர்ச்சிக்கு மாறியது.

இம்மாற்றத்துக்குக் காரணம் கோடை அன்று. சக்தியும் சட்டமும் ஆகும். பழைய 350 சி.சி. எந்திரம் 18 குதிரைச் சக்தி தந்தது. புதிய 452 சி.சி. எந்திரமோ 40 தருகிறது. இத்துணைச் சிறிய இடத்தில் பிறக்கும் இத்துணை வெப்பத்தைத் தகடுகள் மட்டும் கடத்த இயலாது. அன்றியும், 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 போன்ற புகை விதிகளுக்கு உட்பட, எந்திரத்தின் சூடு குறிப்பிட்ட எல்லைக்குள் நிலையாக நிற்க வேண்டும். ஓடும்போது குளிர்ந்தும் நிற்கும்போது கொதித்தும் போகும் சிலிண்டரில் எரிதலை அவ்வளவு நுட்பமாக அளந்து நடத்துவது கடினம்.

எனவே நீர் வந்தது. எந்திரம் பிழைத்தது. ஓட்டுபவர் பிழைத்தாரா?

இங்கேதான் நாம் கருத்தூன்ற வேண்டும். வெப்பம் அழிவதில்லை, இடம் மாறுகிறது. ரேடியேட்டரில் உள்ள நீர் நூறு டிகிரியை நெருங்கியதும் மின்விசிறி சுழலத் தொடங்குகிறது. ரேடியேட்டரின் அனலை அது பின்னால் தள்ளுகிறது. பின்னால் இருப்பவை ஓட்டுபவரின் கால்கள். நகரத்து நெரிசலில் நீர்க்குளிர்ச்சி வண்டியில் செல்பவர், எந்திரம் காப்பாற்றப்படுவதைத் தம் தோலிலேயே உணர்கிறார். ஹார்லி-டேவிட்சன் பெரிய வண்டிகள் சிலவற்றில், வண்டி நிற்கும்போது பின் சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் தடுக்கும் ஏற்பாடு வந்தது. 2014-ஆம் ஆண்டு வண்டிகள் சிலவற்றில் தலைப்பகுதிக்கு மட்டும் நீர் பாய்ச்சினர். 1885-இல் ஆசனத்தைச் சுட்ட பிரச்சினைக்கு இருபத்தொன்றாம் நூற்றாண்டிலும் விடை தேடிக்கொண்டிருந்தார்கள் என்பதே இதன் பொருள்.

கோடையில் வெளியூர் செல்லும் நேயர்கள் இந்த வரலாற்றிலிருந்து சில பயன்களைப் பெறலாம். வெயில் கூடினால் எந்திரம் கெடும் என்பது பாதி உண்மையே. 180 டிகிரியில் இருக்கும் தகடுகளுக்கு, வெளிக்காற்று 30 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்கு உயர்வதால் குளிரும் ஆற்றலில் பத்தில் ஒரு பங்கே குறைகிறது. வண்டி நின்றுவிட்டாலோ, பெரும்பங்கு போய்விடுகிறது. ஆகவே இரயில்வே கேட்டில் எந்திரத்தை அணைத்துவிடுவது நலம். ஏற்றத்தில் மேல் கியரில் திணறவிடாமல் கீழ் கியருக்கு மாறுவது நலம். தகடுகளுக்கிடையே உலர்ந்த சேற்றைத் துடைப்பதும், எந்திரத்தின் முன்னே மூட்டைகளைக் கட்டாதிருப்பதும் காற்றுக்கு வழிவிடுவதாகும். எண்ணெய் உயவுக்கு மட்டுமன்று, குளிர்ச்சிக்கும் உரியது. அது அளவில் குறைந்தால் எஞ்சிய எண்ணெய் இன்னும் விரைவில் சூடேறி நீர்த்துப்போகும். சூடான சிலிண்டரின்மேல் தண்ணீர் ஊற்றுவோர் உண்டு. இரும்பு ஒருபுறம் திடீரெனச் சுருங்கிப் பிளக்கும். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறப்போரும் உண்டு. அழுத்தத்தால் கொதிக்காமல் நின்ற நீர், மூடி திறந்த கணத்தில் முகத்தில் சீறும்.

ஆனால் எந்திரத்தைவிட விலை உயர்ந்த மற்றோர் எந்திரம் அந்த ஆசனத்தின்மேல் அமர்ந்திருக்கிறது. மனித உடலும் வெப்பத்தை உண்டாக்கி வெளியேற்றும் அமைப்பே. நம் தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 35 டிகிரி. அதைவிடக் குளிர்ந்த காற்று நம்மை ஆற்றும்; அதைவிடச் சூடான காற்று நம்மைச் சுடும். 2016 மே 19 அன்று இராஜஸ்தானத்துப் பலோடியில் வெப்பநிலை 51 டிகிரியை எட்டியது. வட இந்தியர் ‘லூ’ என்று அழைக்கும் அனற்காற்றில், 180 டிகிரியில் இருக்கும் சிலிண்டர் குளிர்ந்துகொண்டிருக்கும். அதே காற்றில் ஓட்டுபவர் வெந்துகொண்டிருப்பார். வேகம் எந்திரத்துக்கு மருந்து; அவருக்கு நஞ்சு. அவருக்குள்ள ஒரே வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஆகையால்தான் பாலைவனத்து மக்கள் உடலை முழுதும் மூடிக்கொள்கிறார்கள். கைகளைத் திறந்துபோட்டுக்கொண்டு காற்று வாங்குவது 45 டிகிரியில் பயன் தராது. நனைத்த உள்ளாடையின்மேல் மூடிய மேற்சட்டை அணிவதே பயன் தரும். தாகம் எடுக்குமுன் நீர் அருந்த வேண்டும். தலைவலி, மயக்கம், பேச்சுக் குழறல் இவற்றில் ஒன்று தோன்றினும் வண்டியை நிறுத்தி நிழலில் அமர வேண்டும். மனம் தடுமாறினால் உடனே உடலை நீரால் நனைத்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். எந்திரம் சூடேறினால் சத்தமிட்டு அறிவிக்கும். மனிதனுக்கோ, சூடு தலைக்கேறும்போது, அதை அறியும் அறிவே முதலில் மங்கிவிடுகிறது.

நாற்சந்தியில் மாட்டுவண்டிகள் ஓடிய காலத்தில் வண்டிக்காரர்கள் விடியுமுன் பூட்டி, வெயில் ஏறியதும் சாலையோரச் சோலையில் அவிழ்த்துவிடுவார்கள். அவர்கள் அஞ்சியது தமக்காக மட்டுமன்று, மாட்டுக்காகவும்தான். 40 குதிரைகளின் சக்தியை ஒரு சிறு பெட்டியில் அடைத்துக்கொண்டு போகும் நாம் அந்த வழக்கத்தைக் கைவிட வேண்டிய காரணம் எதுவும் இல்லை. விடியலில் புறப்பட்டு, நண்பகலில் ஒரு மரத்தடியில் நின்றால், எந்திரமும் ஆறும், ஓட்டுபவரும் ஆறுவார். மாலையில் இருவரும் ஊர் போய்ச் சேரலாம்.